ஒத்திகைச் சங்கு

லெப்பைக்குடிகாட்டில் ஆண் பிள்ளை பிறந்தால் கையில் பாஸ்போர்ட்டோடுதான் பிறக்கும் என்று வெள்ளாற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் முழுப் பொய் இல்லை. எழுபதுகளின் கடைசியில் அந்த ஊரில் தெருவுக்குப் பாதிப் பேர் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இந்த இரண்டிலும் சேராமல் நின்றவன் ஜபருல்லா.

அவனுக்கும் விசா வராமல் இல்லை. மச்சான் ஒருவர் துபாயிலிருந்து ஏற்பாடு செய்துவிட்டார். ஜபருல்லா யோசித்தான். யோசித்துவிட்டு, "மொதல்ல மெட்ராஸ்ல போயி இருந்து பாக்குறேன்" என்றான். மண்ணடியில் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் ஒன்பதாவது ஆளாகப் பாயை விரித்தான். வீட்டுச் சோறு இல்லை, வீட்டு முகம் இல்லை, படுப்பதற்குக்கூட முறை வைத்துத்தான் இடம். துபாய் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒத்திகை என்பது அவன் கணக்கு. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூரில் வந்து இறங்கினான்.

"பலகையிலயே புகை வந்துருச்சு அத்தா. அப்புறம் எதுக்கு அதைத் தகட்டுல ஏத்தணும்?" என்று தகப்பனாரிடம் சொன்னான்.

அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டுமானால் மகனின் தொழிலை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அவர் அந்தக் கடைப் பக்கமே வந்ததில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. அதுதான் ஜபருல்லாவின் ராஜ்ஜியம். அரியலூரில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரேடியோ கடையில் சில வருஷம் இருந்து தொழிலைப் பிடித்துக்கொண்டவன். அங்கே சிமெண்ட் ஆலைச் சங்கு ஊதினால்தான் கடையில் எல்லோரும் சாப்பிட எழுந்திருப்பார்கள். அந்தச் சத்தம் அவன் காதில் ஒட்டிக்கொண்டே பெரம்பலூர் வரை வந்துவிட்டது. அது பின்னால் வேலைக்கு ஆகும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

அடுத்தவன் செய்த ரேடியோவைத் திறந்து மூடுவது மட்டும் அவனுக்குப் போதவில்லை. சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தான். கரண்ட் போனால் தானாக எரியும் விளக்கு, கல்யாண வீட்டுக்கு ஆம்பிளிஃபயர், வோல்டேஜ் இறங்கினால் கத்துகிற மணி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தகடு வேண்டும். ஒரு பக்கம் செம்பு ஒட்டிய அட்டையைத்தான் தகடு என்பான். திருச்சியிலிருந்து வாங்கி வந்து, மின்சாரம் ஓட வேண்டிய பாதையை அதன்மேல் சாயத்தால் வரைவான். பிறகு ஒரு பிளாஸ்டிக் தட்டில் பழுப்பு நிற மருந்தை ஊற்றி அதில் போட்டு ஆட்டுவான். சாயம் பூசிய இடத்துச் செம்பு நிற்கும், மற்ற இடத்துச் செம்பை மருந்து தின்றுவிடும். இதில் ஒரே ஒரு சங்கடம். அரித்த செம்பு திரும்பி வராது. பாதை தப்பாகிவிட்டால் தகடு குப்பைக்குத்தான்.

அதனால்தான் பலகை. வேப்பம்பலகை ஒன்றில் வரிசை வரிசையாகப் பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தான். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் டிரான்சிஸ்டரையும் ரெசிஸ்டரையும் அந்த ஆணிகளில் சுற்றி, ஈயம் வைக்காமல் கரண்ட் கொடுத்துப் பார்ப்பான். மோட்டாரோடு இணைக்க வேண்டியதை பல்போடு இணைப்பான். பெரிய ஹாரன் வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகல ஸ்பீக்கரை வைப்பான். புகை வந்தால் கம்பியை அவிழ்த்து மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பலகையில் பாடாதது தகட்டில் பாடாது என்பது அவன் வேதவாக்கு.

இதற்கு ஒத்திகை என்று பேர் வைத்தது குன்னத்துப் பக்கத்துக் கொளஞ்சியம்மாள். வெங்காயமும் பருத்தியும் போடுகிறவள். கிணற்று மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிக் கருகியே அவள் பாதி நொந்து போயிருந்தாள். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பேஸ் இல்லாத நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமிவிட்டுப் புகைந்துவிடும். மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் வீட்டில் அடிக்கிற மணி ஒன்று வேண்டும் என்று வந்தாள். ஜபருல்லா பலகையில் மூன்று பல்பை மாட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தான்.

கொளஞ்சியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏன் பாய், நாடகத்துக்குத்தான் ஒத்திகை பாப்பாங்க. மணிக்குமா?"

"மணி தப்பா அடிச்சா உங்க மோட்டார்தானே போகும் ஆத்தா? ஆழம் தெரியாம கால வுடக் கூடாதுல்ல."

"நீங்க காலே வுட மாட்டீங்க போலருக்கே" என்றாள் அவள்.

ஆனால் மணி சரியாகத்தான் அடித்தது. அந்த மோட்டார் பிறகு கருகவே இல்லை. அவளுக்கு அதில் பெருமை தாளவில்லை. ஒத்திகை பாய் என்று குன்னம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பேர் டவுன் பஸ் ஏறி லெப்பைக்குடிகாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் விடுவார்களா? அவன் செருப்பு வாங்கினாலும் ஒத்திகை ஆச்சா என்றார்கள். நிக்காஹ்வில் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய ஒரு வாசகத்தை அவன் ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான் என்றும், சபையில் கேட்டபோது இருமல் வந்துவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மைதான். ஆயிஷா பீவியே சொல்லிச் சிரிப்பாள்.

ஆயிஷா பீவி அவன் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கல்யாணமான புதிதில் அவன் சட்டைப் பையில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் கிடைத்தது. ரோஜாச் சிவப்பு. நகத்தில் அதைப் பூசினால் தண்ணீர் படாது, தொழுமுன் கைகால் கழுவும் ஒளு நிறைவேறாது, தொழ முடியாது என்று அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் அதைத் தொடுவதில்லை. எல்லோருக்கும் மருதாணிதான். அப்படியானால் இது யாருக்கு?

பாட்டிலை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு அன்று முழுக்க அவள் பேசவில்லை. சோற்றைப் போட்ட சத்தத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று ஜபருல்லாவுக்குப் புரிந்தது. பாட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். அது இன்னும் தப்பாகப் போய்விட்டது. கடைசியில் தகடு ஒன்றை எடுத்து வந்து, அவள் கண் முன்னால் நெயில் பாலிஷால் கோடு இழுத்து, மருந்தில் ஆட்டிக் கழுவிக் காட்டினான். சிவப்புக் கோட்டைச் சுரண்டியதும் அடியில் செம்பு மினுக்கியது.

"வேற சாயமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

"இதான் சீக்கிரம் காயுது. மருந்துலயும் கரையல."

அன்றைக்குப் பிறகு நெயில் பாலிஷ் வாங்கும் வேலை அவளுடையதாயிற்று. இந்த மனுஷன் கடைக்காரப் பெண்ணிடம் நின்று நிறம் கேட்பதைவிட நாமே கேட்பது உத்தமம் என்று நினைத்தாள். மருந்து பட்டு அவன் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பேறிக் கிடக்கும். "வூட்டுல எனக்கு முன்னாடி நீங்க மருதாணி வெச்சுக்குறீங்க" என்பாள். அவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். விசா போனதில் அவனுக்கு வருத்தம் இருந்ததே இல்லை என்றால் அதற்குப் பாதிக் காரணம் இவள்தான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பெரம்பலூரிலும் குன்னத்திலும் அவனுக்குப் பேர் இருந்தது, சொந்த ஊரில் இல்லை. அங்கே அவன் துபாய் போகப் பயந்தவன், காலம் முழுக்க ஒத்திகை பார்த்தே மேடை ஏறாதவன். இந்த ஊருக்குத் தன் கையால் ஒன்று செய்து கொடுத்துவிட வேண்டும், அது நின்று பேச வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசையை ஆயிஷாவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் அது வாய்த்தது. அந்த வருஷம் நோன்பு அக்கினி நட்சத்திரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் தெருப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தை நகரா என்கிற பெரிய முரசைக் கொட்டித்தான் அறிவிப்பார்கள். நகராவின் தோல் கிழிந்துபோயிருந்தது. மைக்கில் சொல்லலாம் என்றால் அந்தி நேரத்தில் சரியாகக் கரண்ட் போய்விடும். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி ஷேக் தாவூது, வெங்காய மண்டி வைத்திருந்தவர், நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று அதட்டலாக இருக்கும். அவர் ஒருநாள் ஜபருல்லாவின் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, அரியலூரு ஆலையில ஊதுவானே சங்கு, அந்த மாதிரி ஒண்ணு பேட்டரியில பண்ண முடியுமா? நாலு தெருவுக்குக் கேக்கணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "முடியுங்க" என்றான் ஜபருல்லா. சொல்லிவிட்டு, "ஒரு தடவை பாத்துட்டு..." என்று இழுத்தான்.

"தெரியும்ப்பா. ஒத்திகை. பாரு பாரு" என்றார் முத்தவல்லி.

பலகையை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டான். ஆலைச் சங்கின் சத்தம் மெல்ல எழும்பும், உச்சியில் கொஞ்சம் நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் கஷ்டம். ஒரு கண்டன்சரைச் சுற்றினால் பூனைக்குட்டி கத்தியது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சுற்றினான். அடுப்படியிலிருந்து ஆயிஷாவின் குரல் வந்தது.

"இது சங்கு இல்லைங்க. பால் கேக்குற கன்னுக்குட்டி."

மாற்றினான். "இப்ப?"

"இப்பக் கன்னுக்குட்டிக்குப் பால் கெடச்சிருச்சு. சங்கு இன்னும் வரல."

இப்படியே நாட்கள் போயின. கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த ஓசை எழும்பியது, நின்றது, இறங்கியது. ஆயிஷா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்று, "ஆங்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. அன்றே பாதையை வரைந்து, நெயில் பாலிஷ் பூசி, மருந்தில் ஆட்டித் தகடாக்கி, மரப் பெட்டிக்குள் பொருத்தினான். பெட்டியின் மேல் சிவப்புப் பட்டன் ஒன்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் ஷேக் தாவூது அறிவித்துவிட்டார். இன்றைக்கு அந்தியிலிருந்து நகரா கிடையாது, சங்கு ஊதும், கேட்டதும் நோன்பு திறக்கலாம். எல்லோரும் திரும்பி ஜபருல்லாவைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தான்.

பிற்பகலில் மேற்கே மேகம் கட்டியது. கோடை மழைக்கான மேகம். வெயில் போய் நாலு தெருவும் இருண்டு கிடந்தது. கரண்ட்டும் போய்விட்டது. பள்ளிவாசலின் மைக் அறையில் பெட்டியும், ஆம்பிளிஃபயரும், கார் பேட்டரியும் தயாராக இருந்தன. ஜபருல்லா மதியமே பட்டனை அமுக்காமல் ஒருமுறை சரிபார்த்துவிட்டான். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இருட்டிக்கொண்டு வந்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. பேட்டரி காலையிலிருந்து சும்மா கிடக்கிறது, நேரம் வரும்போது இழுக்குமா இழுக்காதா? கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி.

முறைப்படிதான் செய்தான். மினாராவில் இருக்கும் ஹாரனின் கம்பியை ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றினான். அந்த இடத்தில் ஒரு கார் பல்பை மாட்டினான். சத்தத்துக்குப் பதில் வெளிச்சம். பல்பு மெல்லப் பிரகாசமாகி, நின்று, மங்கினால் சங்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டனை அமுக்கினான்.

பல்பு மெல்லப் பிரகாசமாயிற்று. கூடவே மினாராவிலிருந்து சங்கும் ஊதிற்று.

முந்தின நாள் பயான் சொற்பொழிவு பெண்கள் பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று மோதினார் ஒரு காரியம் செய்திருந்தார். பழைய ஹாரன் ஒன்றை மினாராவின் மறுபக்கத்தில் கட்டி, அதன் கம்பியை ஆம்பிளிஃபயரின் பின்பக்கம் முறுக்கிவிட்டிருந்தார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லி, பள்ளியைப் பெருக்கி, ஒளு செய்யும் ஹவுள் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிற நல்ல மனிதர். ஜபருல்லாவிடம் சொல்ல மறந்துவிட்டார். பேட்டரியை ஒத்திகை பார்த்தவன், பல்பை ஒத்திகை பார்த்தவன், மோதினாரை ஒத்திகை பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்.

அவன் கையை எடுப்பதற்குள் ஓசை உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டது. முழுச் சங்கு. ஓர் அட்சரம் பிசகவில்லை. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது.

மோதினார் வாசல் வழியாக ஓடி வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஜபருல்லாவைப் பார்த்தார். வெளியே நாலு தெருவிலும் டம்ளர் சத்தம் கேட்பது போல ஜபருல்லாவுக்கு இருந்தது. அந்த வெயிலில் விடியலிலிருந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த சனம், சங்கு கேட்டால் திறக்கலாம் என்று பள்ளிவாசலிலேயே சொல்லப்பட்ட சனம், காத்திருக்குமா?

மோதினார் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இரு தம்பி. மேகமா இருக்கு, சூரியன் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் பொறுத்து நான் பாங்கு சொல்லிடுறேன். அல்லா மன்னிக்கிறவன்."

அது நடந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. சங்கு அருமையாக ஊதியது என்று இரவுத் தொழுகையில் தோளைத் தட்டியிருப்பார்கள். அவன் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் ஜபருல்லாவின் மனசு வேறொரு கணக்கும் போட்டது. இன்னும் டம்ளரைக் கையில் எடுக்காத கிழவர்கள் இருப்பார்கள், ஒளு செய்துகொண்டிருக்கும் பெண்கள் இருப்பார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் நோன்பும் போய்விடும்.

மைக்கை எடுத்தான். இதற்கு மட்டும் ஒத்திகை இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜபருல்லா பேசுறேன். இப்ப ஊதுனது ஒத்திகைங்க. நேரம் ஆகலை. யாரும் நோன்பு திறக்காதீங்க. தப்பு என்னோடதுதான்."

அந்தக் குரல் ஒற்றை ஹாரனில் ஏறி நாலு தெருவுக்கும் போயிற்று. பேட்டரி பிரமாதமாக இழுத்தது. அதை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

மிச்சம் இருந்த நேரம் நகர மறுத்தது. ஒருவழியாக மோதினார் பாங்கு சொன்னார். ஜபருல்லா ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்தான். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டான்.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் கூடிவிட்டார்கள். ஷேக் தாவூது முன்னால் நின்றார். அவர் ஒரு டம்ளர் சர்பத்தை ஒரே மூச்சில் முடித்த பிறகுதான் மைக்கில் குரல் வந்ததாம்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு நோன்பு வுட்டதில்லப்பா நான். காய்ச்சல்ல கெடந்தப்பகூட வுட்டதில்ல. சங்கு பண்ணச் சொன்னா, ஊரு நோன்புக்கே சங்கு ஊதிட்டியே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சாந்தமான மனிதர். தெரியாமல் நடந்தது, குற்றமில்லை, திறந்தவர்கள் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பைக் களாவாகப் பிடித்து ஈடு செய்துவிட வேண்டும் என்று சொன்னார். போன நோன்புக்குப் பதில் நோன்பு. ஷேக் தாவூது பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

ஜபருல்லா பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஆயிஷா கஞ்சியை மூடி வைத்திருந்தாள்.

"நீ திறந்துட்டியா?" என்று கேட்டான்.

"திறந்துட்டேன்."

"கடிகாரம் எதிர்லதானே இருக்கு. பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்? உங்க சத்தம்னு தெரியும்ல. ஒரு வாரமா கேட்டுருக்கேன்."

அவன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஷேக் தாவூதின் அதட்டல் அவனை அவ்வளவு சுடவில்லை. இதுதான் சுட்டது. தன்னை நம்பியதற்காகவே இவளுக்கு ஒரு நோன்பு போயிற்று. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கஞ்சிக் கோப்பையை நீட்டினாள்.

"ஒரு நோன்புதானே. பிடிச்சுக்கலாம். மைக்குல சொன்னீங்கல்ல, அது போதும்" என்றாள்.

அந்த மாதம் முழுக்க நகராவைத் தைத்து ஒட்டிக் கொட்டினார்கள். சங்கு ஊதின பாய் என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்துபோயிற்று. ஜபருல்லா பெட்டியைத் திறந்தான், பலகையை எடுத்தான், மறுபடியும் ஆணியில் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். இந்தத் தடவை சத்தத்தில் அவன் கை வைக்கவில்லை. பட்டனில் கை வைத்தான்.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்து முத்தவல்லியின் மண்டிக்குப் போய் நின்றான்.

"என்னால நோன்பு போனவங்க ஆளுக்கு ஒரு நாளா களா பிடிக்கிறதுக்குப் பதிலா, எல்லாரும் ஒரே நாள்ல பிடிச்சா என்னங்க? அன்னைக்குக் கஞ்சி என் பொறுப்பு."

ஷேக் தாவூது அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கஞ்சி சரி. சங்கு?"

"இப்ப ரெண்டு பட்டன் வெச்சிருக்கேங்க. ஒண்ணு மைக் ரூம்ல கடிகாரத்துக்குக் கீழ, மோதினாருக்கு. ஒண்ணு வாசத் தூண்ல, உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் ஊதும். ஒரு கை தட்டுனா ஓசை வராது."

"ஒனக்கு?"

"எனக்குப் பட்டன் கெடையாதுங்க."

முத்தவல்லிக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "திங்கக்கெழம வெச்சுக்குவோம்" என்றார்.

விஷயம் எப்படியோ குன்னத்துக்கும் போயிற்று. திங்கட்கிழமை காலை கொளஞ்சியம்மாள் ஒரு சிப்பம் சின்ன வெங்காயத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "கஞ்சிக்கு வெங்காயம் வேணும்ல பாய். என் மோட்டாரு எறச்ச தண்ணியில வெளஞ்சது" என்றாள். ஆயிஷாவும் அவளும் உட்கார்ந்து உரித்தார்கள். நோன்பிருப்பவள் முன்னால் தண்ணீர்கூடக் கேட்காமல் கொளஞ்சியம்மாள் மதியப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

அந்திக்கு முற்றம் நிறைந்தது. நோன்பு மாதத்தில்கூட அவ்வளவு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்ததில்லை. கோப்பையில் கஞ்சி ஆவி விட்டது. ஜபருல்லா கடைசியில், நடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பேரீச்சம்பழம். தூணில் பட்டனைப் பிடித்தபடி நின்ற ஷேக் தாவூதுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"ஏம்ப்பா, அன்னைக்கு நீ மோதினார் பாங்கு சொன்னப்பறம்தானே திறந்தே?"

"ஆமாங்க."

"அப்ப ஒனக்குக் களாவே கெடையாதே. ஊர்ல அன்னைக்கு நோன்பு சேதமில்லாம இருந்தவன் நீயும் மோதினாரும் இன்னும் சில பேரும்தான். இன்னிக்கு எதுக்குப் பிடிச்சே?"

ஜபருல்லா பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாருக்கும் போச்சு, எனக்கு மட்டும் போகலை. அது எனக்குச் சரியாப் படலைங்க."

ஷேக் தாவூது மைக் அறைப் பக்கம் திரும்பி, "மோதினாரே, நேரம் பாருங்க" என்று அதட்டினார். அதட்டலில் வழக்கமான காரம் இல்லை.

"ஆயிருச்சுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டு கைகளும் அமுக்கின. மினாராவிலிருந்து சங்கு மெல்ல எழும்பி, உச்சியில் நின்று, மெல்ல இறங்கியது.

ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி நடைப் பக்கம் பார்த்தன. "ஜபருல்லா, இது நெசமா, ஒத்திகையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நெசந்தாங்க" என்று சொல்லி அவன் பழத்தை வாயில் போட்டான். சிரிப்பும் பிஸ்மில்லாவும் ஒன்றாகக் கேட்டன. ஷேக் தாவூது தூணைவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கோப்பையிலிருந்து இரண்டு கரண்டி கஞ்சியை அவன் கோப்பையில் ஊற்றினார்.

தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஆயிஷா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் நோன்பு திறந்த தெளிவு இருந்தது. ஜபருல்லா பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்தான். கடிகாரம் காலையிலேயே நின்று போயிருந்தது.

"கடிகாரம் ஓடலையே" என்றான்.

"வெங்காயம் உரிக்கிற அவசரத்துல சாவி குடுக்க மறந்துட்டேன்."

"அப்ப எதை வெச்சுத் திறந்தே?"

ஆயிஷா பீவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சங்கு ஊதுச்சுல்ல" என்றாள்.